பட்டாணியளவு நுரையீரல்

1

இந்தக் கதை என் நெஞ்சிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. எழுத்தாளர்கள் மேடையில் சொல்லிக்கொள்வார்களே, அந்த அர்த்தத்தில் இல்லை. நிஜமாகவே வெட்டினார்கள். விலாவில் துளை போட்டு, குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, வலது நுரையீரலின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு துண்டை நறுக்கி எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி, நோய் என்னவென்று பார்ப்பவர்களிடம் போனது. பட்டாணியளவு மிச்சம், நான் கொடுத்த சம்மதத்தின் பேரில், ஆராய்ச்சிக்குப் போனது. கதை அந்தப் பட்டாணியில் தொடங்குகிறது.

நோய் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நுரையீரலில் தழும்பு. கையில் வெட்டுப்பட்டால் தழும்பு விழுவதில்லையா, அதேதான். உள்ளே விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது. மெத்தென்று இருக்க வேண்டிய இடம் நார் நாராக இறுகிப்போகிறது. காற்று உள்ளே போகிறது, ஆனால் போன காற்று ரத்தத்தில் இறங்க வழியில்லாமல் திரும்பி வருகிறது. ஏன் வந்தது என்று கேட்டால், 'காரணம் தெரியாத' என்பதுதான் அந்த நோயின் முழுப்பெயரில் முதல் சொல். தெரியாது என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இலக்கிய விமர்சகர்களுக்கு இது வராது.

இன்னொன்று. முன்பெல்லாம் என் வாக்கியம் பக்கத்தின் தலையில் தொடங்கினால் காலில்தான் முடியும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இப்போது மூச்சு எங்கே தீர்கிறதோ அங்கே புள்ளி வைக்கிறேன். சில இடங்களில் புள்ளி வைக்கக்கூட முடியாமல் வாக்கியம் பாதியில் நிற்கும். அவற்றை நான் திருத்தவில்லை. அச்சகத்தைத் திட்ட வேண்டாம்.

2

முதலில் எழுதிக் கிழித்த தொடக்கங்கள்.

தொடக்கம் அ: "ஆய்வுக்கூடத்தின் கதவு மெல்லத் திறந்தது." பொய். அந்தக் கதவு எண் அழுத்தினால் கீச்சென்று கத்திவிட்டுத்தான் திறக்கும். அதுவும் இரண்டாவது முயற்சியில்.

தொடக்கம் ஆ: "கொலாஜன் என்பது நம் உடலிலேயே மிக அதிகமாக இருக்கும் புரதம். தோலும் எலும்பும் தசைநாரும் அதன் தயவில்தான் ஒன்றாக நிற்கின்றன. கயிறு, கட்டு, சாரம் எல்லாமே அதுதான், அது இல்லாவிட்டால் நாம் தரையில் ஒரு

மூச்சு வாங்கியது. விட்டுவிட்டேன். பாடப்புத்தகத்தை நான் எழுதினால் பிள்ளைகள் பாவம்.

தொடக்கம் இ: "அந்த விஞ்ஞானிக்கு நரைத்த தாடி. மனைவியை இழந்தவர். நுண்ணோக்கியே அவருக்குத் துணை." இதைப் படித்த என் மனைவி, கதைகளில் விஞ்ஞானிக்கு ஏன் எப்போதும் மனைவி செத்துப்போகிறாள் என்று கேட்டாள். அப்புறம் அவளே சொன்னாள்:

"உங்க தங்கச்சியையே எழுதுங்களேன். அவளுக்கு எதுக்குத் தாடி ஒட்டறீங்க?"

ஒட்டியதற்குக் காரணம் இருந்தது. என் தங்கை தழும்பு விழுந்த நுரையீரலை ஆராய்கிறவள். நான் இருமத் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவள் அந்த வேலையில்தான் இருந்தாள். தங்கை எந்த நோயைப் படிக்கிறாளோ அதே நோய் அண்ணனுக்கு வருகிறது. இதை ஒரு புதிய எழுத்தாளர் எழுதிக்கொண்டு வந்திருந்தால், 'தம்பி, இது ரொம்ப வசதியா இருக்கே' என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன். நடந்ததை நம்பும்படி எழுதுவது நடக்காததை எழுதுவதைவிடக் கஷ்டம். ஆனாலும் தாடியை எடுத்துவிட்டேன். வருவது என் தங்கைதான்.

3

வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். நாற்பதைத் தாண்டியவள். காதோரம் நரை. அவளுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆனாலும் பொடிசுதான். சாப்பிடும்போதும் பேசிக்கொண்டே இருப்பாள், பேசும்போது கையில் இருக்கும் கரண்டி நுண்ணோக்கியாகிவிடும், உப்பு டப்பா லேசராகிவிடும். அப்படி ஒரு மத்தியான சாப்பாட்டில்தான் அவள் வேலை என்னவென்று எனக்கு முதல்முறையாக உறைத்தது.

சொல்லிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் அவள் பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கும் அப்பால் உள்ள லேசர் ஒளியை நம்ப முடியாத அளவு குட்டிக் குட்டித் துடிப்புகளாக அனுப்புகிறார்கள். அது கொலாஜன் இழையில் படும்போது, இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து, இரட்டிப்புத் தெம்போடு ஒரே துகளாக வெளியே வருகின்றன. தெரியாத ஒளியாக உள்ளே போனது, தெரிகிற ஒளியாக வெளியே வருகிறது. நீலமாக.* சாயம் பூச வேண்டாம். மருந்து தடவ வேண்டாம். இழை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாப் பொருளும் இப்படிச் செய்யாது. ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால்தான் ஒளி வரும். மூன்று சரங்களை ஒன்றாக முறுக்கி, அந்த முறுக்குகளை வரிசையாக அடுக்கி, அந்த அடுக்குகளைக் கட்டாகக் கட்டி, இத்தனையும் உடம்பு இருட்டில் செய்கிறது. அதே கொலாஜனை வேகவைத்துவிட்டால், பொருள் அதேதான், ஒழுங்கு போய்விடும், ஒளியும் போய்விடும். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். என் உடம்புக்குள் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் மேஜையைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

நோய் வந்ததும் நானே பிடிவாதம் பிடித்தேன். ஆராய்ச்சிக்குப் போகிற துண்டைப் பொடிசுதான் பார்க்க வேண்டும். விதிப்படி மாதிரிகள் பெயர் இல்லாமல் எண்ணோடுதான் வரும், யாருடைய நெஞ்சு என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. ஆய்வுக்கூடத்தின் தலைவி பொடிசைவிட வயதில் இளையவர், அனாவசியமாகச் சிரிக்காதவர். ரொம்ப யோசித்து இரண்டு நிபந்தனைகளோடு சரி என்றார். ஒன்று, அதே படங்களை இன்னொருவரும் தனியாக அளப்பார். இரண்டு, அவர் அளந்து முடிக்கும்வரை பார்த்ததை வீட்டில் சொல்லக் கூடாது. பொடிசு தலையாட்டினாள். அவள் ரகசியம் காப்பாற்றும் லட்சணம் எங்கள் வீட்டுக்கே தெரியும், தலைவிக்குத் தெரியாது.

* திரையில் தெரியும் நிறத்தைப் பூசுவது கணினிதானாம். பச்சை கேட்டால் பச்சை காட்டுமாம். நான் பார்த்தது நீலம். எனக்கு அது நீலமாகவே இருக்கட்டும்.

4

(அறுவைக்கு முந்தின நாள் நான் எவ்வளவு தைரியமாக இருந்தேன் என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். என் முதல் வாசகி என் மனைவி. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். துணியில் எங்கே சுருக்கம் விழுகிறது என்று பார்க்கிற அதே கண்ணோடு என் பக்கங்களையும் பார்ப்பாள். இந்தப் பகுதிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் "இது வேற யாரோ" என்று எழுதிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பகுதியின் சுருக்கம் அவ்வளவுதான்.)

5

பட்டாணியை அவர்கள் முழுதாகப் பார்க்கவில்லை. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான சீவல்களாக அரிந்து, சத்துநீர் ஊற்றிய வட்டக் கண்ணாடிக் கிண்ணங்களில், உடம்புச் சூட்டில், உயிரோடு வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். நான் வீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்துப் படுத்திருந்தபோது, என் நுரையீரலின் ஒரு பகுதி நகரத்தின் இன்னொரு மூலையில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. என்னைவிட அதற்குத்தான் கவனிப்பு அதிகம்.

அந்தச் சீவல்களில் ஒரு புது மருந்தை ஊற்றிப் பார்ப்பதுதான் பொடிசின் ஆராய்ச்சி. மருந்துக்கு முன்னால் ஓர் இடத்தைப் படம் எடுப்பது. சில நாள் கழித்து அதே இடத்தைத் திரும்ப எடுப்பது. தழும்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது.

இதே சமயத்தில் எனக்கு முன்னால் ஒரு கேள்வி வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்க்கும் நெஞ்சக மருத்துவருக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் மூச்சு டாக்டர். மெதுவாகப் பேசுவார், பொய் சொல்ல மாட்டார், இரண்டும் சேர்ந்தால் கேட்பவர் பாடு திண்டாட்டம். இப்போது சாப்பிடும் மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்றார். வழி இரண்டு. மாற்று நுரையீரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது பொடிசு பார்க்கும் அதே மருந்து அடுத்த வருடம் முதல்முறையாக மனிதர்களுக்குக் கொடுக்கப்படப் போகிறது, அதில் சேரலாம். மாற்றுக்குப் பதிந்தவர்களை அதில் எடுக்க மாட்டார்கள். மருந்தை நம்பிக் காத்திருந்து அது பலிக்காமல் போனால், அதற்குள் உடம்பு அறுவையைத் தாங்காத நிலைக்குப் போய்விடும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்க முடியாது. அடுத்தமுறை வரும்போது பதில் சொல்லுங்கள் என்றார்.

அடுத்தமுறை வருவதற்குள் பொடிசு போன் செய்தாள். பகல் நேரம், மனைவி கடையில் இருந்தாள்.

"அண்ணா. கரையுதுண்ணா."

கட்டுக்கட்டாக இழை தெரிந்த இடம் இப்போது இருட்டாக இருக்கிறதாம். அதே இடம்தான், பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாயின் வளைவை வைத்துப் பொருத்திப் பார்த்தாளாம், அச்சுப் பிசகாமல் பொருந்தியதாம். இன்னொருவர் இன்னும் அளக்கவில்லை, சொல்லக் கூடாதுதான், ஆனால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை என்றாள்.

அன்றைக்கு நான் போனில் சொன்னதும் என் மனைவி கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தாள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவள், இன்னொன்றைக் கழற்றாமலே நின்று அழுதாள். நோய் தெரிந்ததிலிருந்து அவள் என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. மாற்றுக்குப் பதியப் போவதில்லை என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்பதில் எனக்கு வந்த நிம்மதியை எழுதினால் வெட்கமாக இருக்கும். எழுதிவிட்டேன்.

6

கரைந்த தழும்பை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தலைவியிடம் பொடிசு என்ன சொல்லி அனுமதி வாங்கினாள் என்று தெரியாது. ஒரு மத்தியானம் போனேன்.

சின்ன அறை. சுவரெல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு பெரிய இரும்பு மேஜை, அது காற்றுத் தலையணைகள் மேல் மிதக்கிறது. வெளியே லாரி போனாலும் மேஜைக்குத் தெரியக் கூடாதாம். சாயாதே, தொடாதே, பக்கத்தில் தும்மாதே என்று எனக்கு ஏகப்பட்ட கட்டளைகள். சக்கரம் வைத்த என் ஆக்சிஜன் பெட்டி நாய்க்குட்டி மாதிரி எப்போதும் என் பின்னால் வரும். அதன் உறுமல் படத்தை நடுங்க வைக்கும் என்று பொடிசு அதை நடைபாதையிலேயே நிறுத்திவிட்டாள். கதவின் அடியில் குழாய் மட்டும் உள்ளே வந்தது. பெட்டி வெளியே, நான் உள்ளே, இடையில் குழாய். நான் நாற்காலியில் இருந்து அசையவில்லை.

திரையின் இடது பக்கம் பழைய படத்தை வைத்தாள். மருந்துக்கு முந்தையது. எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கறுப்பில் நீலம். கட்டுக்கட்டாக, வாரிவிட்ட தலைமுடி போல ஒரே பக்கமாகப் படுத்த இழைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவு கூர்மையாக, வளையும் இடத்தில் எல்லாம் சேர்ந்து வளைந்து, பிரியும் இடத்தில் பிரிந்து, திரும்பச் சேர்ந்து, ஆற்றை மேலிருந்து பார்த்தால் அதன் கிளைகள் கடலுக்கு

(இங்கே மூச்சுத் தீரவில்லை. சொல் தீர்ந்தது.)

வலது பக்கம் இப்போது கிண்ணத்தில் இருப்பது. இருட்டு. மூலையில் மட்டும் கொஞ்சம் மங்கல். "பாத்தியா" என்றாள். பார்த்தேன். ஒன்றுமில்லாததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எனக்கு இன்னும் நன்றாகக் காட்ட வேண்டும் என்று, ரத்தக் குழாயின் வளைவைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவரக் கிண்ணத்தை விரலால் கொஞ்சம் திருப்பினாள்.

இருட்டுக்குள்ளிருந்து நீலம் வந்தது.

முதலில் ஓர் ஓரம். பிறகு ஒவ்வொரு கட்டாக. கிண்ணம் திரும்பத் திரும்ப இழைகள் எழுந்து வந்தன, எல்லாமும், ஒன்றுகூடக் குறையாமல். பொடிசு வேறு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பப் பழைய நிலைக்கே திருப்பினாள். அணைந்தது. இந்தப் பக்கம் திருப்பினாள். எரிந்தது. கையை எடுத்துவிட்டாள். எழுந்து போய் மேஜையின் பின்பக்கம் ஒரு சின்ன மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்து நின்றாள்.

என்ன நடந்தது என்று அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒளி ஒரு திசையில் ஆடிக்கொண்டு வருகிறது. இழை அந்த ஆட்டத்தின் திசையிலேயே படுத்திருந்தால் பிரகாசமாகப் பதில் சொல்லும். குறுக்கே படுத்திருந்தால் கிட்டத்தட்ட வாயே திறக்காது. அதனால்தான் ஒளி வரும் வழியில், அந்த மூடிக்குள், ஒரு சின்னக் கண்ணாடித் தகடு வைத்திருப்பார்கள். அது ஒளியை எல்லாத் திசையிலும் சுழன்று ஆட வைக்கும், இழை எப்படிப் படுத்திருந்தாலும் தெரியும். கூடத்தில் வேறொருவர், இழைகளின் திசையைப் பார்க்கும் தன் வேலைக்காக அந்தத் தகட்டைக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டவில்லை. படம் எடுக்குமுன் பொடிசு அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை. வட்டக் கிண்ணத்துக்குத் தலை எது, கால் எது? முதல் தடவை ஒரு வாக்கில் வைத்தாள், இரண்டாம் தடவை அதற்குக் குறுக்கு வாக்கில் வைத்தாள். படம் திரும்பியிருந்ததைக் கவனித்தாள், கணினியில் அதை நேராக்கிப் பொருத்தினாள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது என்று என்னிடம் பெருமைப்பட்டாளே, அந்தக் கவனம்தான் தவறை மூடி மறைத்தது.

"அண்ணா, நான் தப்பு பண்ணிட்டேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எங்கயும் போகலண்ணா. அங்கயேதான் இருந்திருக்கு. நான்தான் உன்கிட்ட..."

"இன்னொரு தடவ திருப்பு" என்றேன்.

திருப்பினாள். அழுதுகொண்டே திருப்பினாள். அணைந்தது, எரிந்தது.

"இதுல எதுடி நிஜம்?"

"வெளிச்சம்தாண்ணா. இருட்டா இருக்கும்போதும் அது அங்கதான் இருக்கு."

"அழகா இருக்கு" என்றேன்.

7

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமாக இருக்கும் பாத்திரம் நான்தான். நம்பிக்கை கண் முன்னால் போகிறது, ஓர் ஆள் 'அழகா இருக்கு' என்கிறான். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன். ஆகவே அந்த வரியை மாற்றிப் பார்த்தேன். "அவன் முகம் வெளிறியது." "அவன் கத்தினான்." "அவன் ஒன்றும் பேசவில்லை." மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. மூன்றும் நடக்கவில்லை.

பயம் பிறகு வந்தது, வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டியில். ஆனால் அந்த அறையில் எனக்கு இருந்தது வேறு. என்னைக் கொல்கிற பொருளை நான் அதுவரை ஏதோ அழுக்கு, சீழ், துரு என்றுதான் கற்பனை செய்திருந்தேன். அது அப்படி இல்லை. என் உடம்பு செய்யத் தெரிந்ததிலேயே நேர்த்தியான வேலை அது. எங்கோ ஒரு காயம் என்று நினைத்துக்கொண்டு, கையில் இருப்பதிலேயே உறுதியான கயிற்றை எடுத்து, ஒழுங்காக முறுக்கி, ஒழுங்காக அடுக்கி, கட்டுகிறது. காயம் ஆறிவிட்டது, போதும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அல்லது காயமே இருந்ததில்லை. காரணம் தெரியாது.

ஆரோக்கியமான நுரையீரலின் படம் ஒன்றையும் அன்று நான் கிளம்புமுன் பொடிசு காட்டினாள். முதல் பார்வையில் ஏமாற்றமாக இருந்தது. சின்னச் சின்னக் காலி அறைகள், அவற்றைச் சுற்றி நூலிழை போல மெல்லிய நீலக் கோடு. அவ்வளவுதான். படம் முழுக்க இருட்டு. பிறகுதான் புரிந்தது, அந்த இருட்டு எல்லாம் காற்றுக்கு ஒதுக்கிய இடம். நாம் உயிரோடு இருப்பது அந்தக் காலி இடத்தில்தான். அதை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், நடைபாதையில் என் ஆக்சிஜன் பெட்டி மின்கலம் தீர்கிறது என்று கத்தத் தொடங்கிவிட்டது.

பொடிசு அன்றே தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், தகட்டையும், போனையும். தலைவி திட்டவில்லையாம். தகடு இல்லாவிட்டால் லேசரே எரியாதபடி ஒரு பூட்டு வைக்கச் சொன்னாராம். மிச்சமிருக்கும் சீவல்களை முதலிலிருந்து வேறொருவர் பார்க்கிறார். மருந்து உண்மையில் ஏதாவது செய்கிறதா? பொடிசைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். இந்த ஒரு தடவை வாயைத் திறக்கப் போவதில்லை என்று தெரிகிறது.

மனைவியிடம் நான் எப்படிச் சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் கையில் இருந்த துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நாளைக்குப் போய் மாற்றுக்குப் பேர் குடுத்துட்டு வந்துரலாம்" என்றாள். எனக்குப் பயமா இருக்கு என்றேன். தெரியும் என்றாள். போனோம்.

8

ஆக, நான் இப்போது காத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் எப்போது அடித்தாலும் எடுக்க வேண்டும், எடுத்ததும் கிளம்ப வேண்டும். கதைக்கு முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தவை கீழே.

முடிவு ஒன்று: போன் அடிக்கவே இல்லை. இதை ஒரு பக்கம் எழுதினேன். காலையில் பார்த்தால் மேஜையில் அந்தப் பக்கம் இல்லை. மனைவியைக் கேட்டால், எந்தப் பக்கம் என்றாள்.

முடிவு இரண்டு: மருந்து பலித்துவிட்டது, இந்த முறை நிஜமாகவே. இதை எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரு தடவை அவசரப்பட்டாகிவிட்டது.

முடிவு மூன்று: "ஒரு மாலை போன் அடித்தது." நல்ல வாக்கியம். உங்களுக்கும் இதுதான் வேண்டும் என்று தெரியும். அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். போன் ஏன் அடித்தது? கதை எழுதுகிறவன் காரணம் சொல்ல வேண்டும், இதில் மட்டும் 'காரணம் தெரியாத' என்று தப்பிக்க முடியாது. யாரோ ஒருவர் இறந்ததால் அடித்தது. யார்? "அவர் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது

நிறுத்திவிட்டேன்.

கதைகளில் நான் ஆட்களைக் கொன்றிருக்கிறேன். விபத்தில், காய்ச்சலில், ஒரு தடவை வெறும் அலுப்பில். பிறகு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறேன். இவரைக் கொல்ல முடியவில்லை. கெட்டவனாக்கிப் பார்த்தேன். ஊரை ஏமாற்றுகிறவன், பெற்றவளைத் துரத்தியவன், இப்படி என்னென்னவோ சேர்த்தேன். மனைவி படித்தாள்.

"கெட்டவனா இருந்தா அவன் வீட்டுல யாரும் அழ மாட்டாங்களா?"

எடுத்துவிட்டேன். வயதானவராக்கலாம் என்றால், நுரையீரல் நல்ல நிலையில் இருக்க வேண்டும். முகமே இல்லாதவராக்கலாம் என்றால், முகம் இல்லாதவர் கண்ணாடி முன் நின்று தலைவாரத் தொடங்கிவிடுகிறார். நான் என்ன செய்ய?

9

மூச்சு டாக்டரிடம் கேட்டேன், எனக்கு நுரையீரல் தரக்கூடியவர் எப்படி இருப்பார் என்று. என் ரத்தப் பிரிவாக இருக்க வேண்டும், நெஞ்சுக்கூடு ஏறக்குறைய என் அளவு இருக்க வேண்டும், சில மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வேறு எந்த அடையாளமும் இல்லை. அவர் இப்போது உயிரோடு இருக்கிறார் என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த நினைப்புதான். அவர் இப்போது எங்கோ இருக்கிறார். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறுகிறார். யாரிடமோ சண்டை போடுகிறார். இப்படிப்பட்ட பத்திரிகையை வாங்கும் பழக்கம் இருந்தால், படுத்துக்கொண்டு கதை படிக்கிறார். அவருக்குள் அந்தக் காலி அறைகள், கோடிக்கணக்கில், மெல்லிய கோடுகளுக்கு நடுவே, ஒவ்வொன்றாக நிறைந்து காலியாகி நிறைகின்றன. அவர் அதைக் கவனிப்பதே இல்லை. நானும் கவனித்ததில்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என் போன்ற எழுத்தாளர்களின் பழைய தந்திரம். சோம்பேறித்தனம் என்று மனைவி சொல்வாள். இந்தத் தடவை தந்திரம் இல்லை. இந்தக் கதையின் முடிவு உங்களிடம் இருக்கலாம். நான் அதைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதும்போதும் வாழ வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

கதையை இங்கேயே மூடிவிட்டு எழுந்திருங்கள். உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கும், கடைக்குப் போக வேண்டியிருக்கும். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துப் போங்கள்.